காயம் வேறு, குற்றம் வேறு

நோயுற்றோருக்குப் பணி செய்வது இரக்கச் செயல்களுள் சிறந்த ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பிலிருந்தே நாம் கற்று வந்திருக்கிறோம். அப்பணியையே வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்துகொள்ளும் இளம்பெண்களும் இளைஞர்களும் நம் பங்குகளில் பலர். அவர்களை எண்ணிப் பெருமை கொள்கிறோம். தீபமேற்றும் விழாவில் சீருடை அணிந்து விளக்கேந்தி நிற்கும் அவர்களது நிழற்படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டி வைக்கிறோம். ஆனால் அந்தப் படத்திற்குப் பின்னால் உள்ள பயிற்சி ஆண்டுகளில் அவர்கள் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை.

பிறர் துன்பத்தைத் துடைக்கக் கற்றுக்கொள்பவர் தம் துன்பத்தை என்ன செய்வது? அதை வெளியில் சொல்லாமல் விழுங்கிவிடுவதுதான் தியாகமா? அதைச் சொல்லுக்குக் கொண்டு வருவது தன்னலமா? செவிலியர் பயிற்சி பெறும் மாணவ மாணவியர் தம் உள்ளத்தில் உள்ளதை எழுதிப் பார்ப்பதால் மன அழுத்தம் குறைகிறது என்று உளவியலார் கூறுகின்றனர். அது குறையுமா, குறையாதா என்பது மருத்துவம் சார்ந்த கேள்வி. அவ்வாறு எழுதுவது நல்லதா, எதற்காக நல்லது, எவ்வளவு தூரம் நல்லது என்பது அறம் சார்ந்த கேள்வி. இக்கட்டுரையில் நாம் சிந்திக்க விழைவது இந்த இரண்டாம் கேள்வியையே.

‘நான்’ இல்லாத எழுத்து

செவிலியர் மாணவி எழுதாத நாளே இல்லை. உடல் வெப்பம், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உட்கொண்ட நீரின் அளவு, வெளியேறிய நீரின் அளவு என்று மணிக்கணக்காக எழுதுகிறாள். விடுதிக்குத் திரும்பியபின் ரெக்கார்டு நோட்டு எழுதுகிறாள். ஒரு நோயாளியைக் குறித்துப் பக்கம் பக்கமாகக் கேஸ் ஸ்டடி எழுதுகிறாள். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பாயினும் நான்காண்டு இளங்கலைப் படிப்பாயினும் அவள் எழுதித் தீர்க்கும் தாள்களை அடுக்கினால் அது அவளது பெட்டியில் அடங்காது.

ஆயினும் அந்த எழுத்து எதிலும் ‘நான்’ என்ற சொல் இல்லை. நோயாளி இன்ன நேரத்தில் மூச்சுத் திணறினார், மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது, இன்ன நேரத்தில் உயிர் பிரிந்தது என்று அது முடிகிறது. அவ்வாறு முடிய வேண்டியதும் முறையே. மருத்துவக் குறிப்பில் எழுதுபவரின் கண்ணீருக்கு இடமில்லை. ஆனால் அந்த உயிர் பிரிந்தபோது கட்டிலருகே நின்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதும் தாள் வேறெங்கும் இல்லை. போதாக்குறைக்கு, அவள் எழுதுவது ஆங்கிலத்தில். அவள் அழுவதோ தமிழில். துயரம் ஒரு மொழியிலும் அதைப் பதிவு செய்யும் கடமை வேறொரு மொழியிலும் இருப்பதால், இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

நம் ஊர்களில் சாவுக்கு ஓர் ஒலி உண்டு. பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சொல்லி, கடவுளையும் காலனையும் கேள்வி கேட்டு அழுவார்கள். மனத்தில் உள்ளது ஊரறிய வெளியே வந்துவிடும். அத்தகைய ஊரிலிருந்து வந்த பெண், மருத்துவமனை வார்டில் உறவினர் மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது, குழாய்களை அகற்றி, உடலைத் துடைத்து, துணி சுற்றி, படிவத்தை நிரப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் செல்ல வேண்டும். அழுவதற்கு அவளுக்கு உறவுமுறை இல்லை. அழாதிருப்பதற்கோ அவள் இன்னும் கல்லாகவில்லை.

நான்கு நாள், பதினைந்து நிமிடம்

1986-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களைச் சில குழுக்களாகப் பிரித்து, தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழுவினர் சாதாரணச் செய்திகளை எழுதினர். மற்றவர்கள் தம் வாழ்வின் மிகத் துயரமான நிகழ்ச்சியைப் பற்றி எழுதினர். அவருள்ளும் சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ந்ததை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினர். எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை பற்றிக் கவலை வேண்டாம், கையை நிறுத்தாமல் எழுதுக என்பதே விதி. நடந்ததையும் அதனால் உள்ளத்தில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றது குறைந்தது என்று அவர்கள் கண்டனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, எழுதிய உடனே அவர்களுக்கு மகிழ்ச்சி வரவில்லை. எழுதுமுன் இருந்ததைவிட வருத்தமே மிகுந்தது. கட்டியைக் கீறும்போது வலிப்பதைப் போன்றது இது. இரண்டாவது, உணர்ச்சியை மட்டும் கொட்டியதாலோ நடந்ததை மட்டும் பட்டியலிட்டதாலோ அதே பயன் கிட்டவில்லை. பிற்காலத்தில் இத்தகைய எழுத்துக்களில் உள்ள சொற்களை ஆராய்ந்தபோது, நாள்கள் செல்லச் செல்ல ‘ஏனெனில்’, ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ என்பன போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் பெருகினவோ அவர்களே பெரிதும் நலம் பெற்றனர் என்று தெரிந்தது. மூன்றாவது, இதை மாயமருந்தாகக் கொள்வதற்கில்லை. 2006-ஆம் ஆண்டில் 146 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் அது சிறிய அளவினது என்றே முடிவு கண்டனர்.

சிறிய பயன்தான். எனினும் ஒரு தாளும் பேனாவும் தரும் சிறிய பயனை நாம் இகழ வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, நடந்ததையும் உணர்ந்ததையும் காரணத்தோடு இணைத்துப் பார்ப்பவரே தேறுகிறார் என்னும் உண்மை உடல்நலத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. உண்மையைப் பகுத்தறிவது மனச்சான்றின் வேலை. எழுதுகோல் அவ்வேலைக்குத் துணை நிற்கிறது என்றால், அறத்தின் பார்வையில் அது எண்ணிப் பார்க்கத் தக்கதாகிறது.

புலம்பல் நம்பிக்கையின்மையா?

இங்கே ஒரு மறுப்பு எழும். கிறிஸ்தவச் செவிலியர் தம் துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுக்க வேண்டாமா? முணுமுணுக்காமல் தாங்குவதல்லவா நம் முன்னோர் காட்டிய வழி? புற்றுநோயால் துடிப்பவரின் அருகில் இருந்துகொண்டு, என் மனம் வலிக்கிறது என்று எழுதுவது வெட்கக்கேடு அல்லவா?

இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. துன்பத்தை ஒப்புக்கொடுத்தல் நம் விசுவாச வாழ்வின் அருஞ்செல்வம். ஆனால் நம்மிடம் இருப்பது இன்னதென்று தெரிந்தால்தானே அதைக் காணிக்கையாக்க முடியும்? கையில் என்ன இருக்கிறது என்று பாராமலே மூடிய கையைப் பீடத்தின்மேல் நீட்டுவது காணிக்கையாகாது.

நம் திருமறை நூல் புலம்பலுக்கு அஞ்சவில்லை. 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி புலம்பல்களே. அவற்றுள் 88-ஆம் திருப்பாடல் ஆறுதலான ஒரு வரிகூட இன்றி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. இரவு மன்றாட்டில் அதைச் செபிக்கிறது. நம் ஆண்டவரும் கெத்சமனித் தோட்டத்தில் தம் துயரத்தை நண்பர்களுக்கு மறைக்கவில்லை. தம் உள்ளம் சாவுக்கு ஏதுவாகத் துயருறுகிறது என்பதைச் சொல்லிவிட்டே தந்தையின் திருவுளத்திற்குப் பணிந்தார். சொல்லியதால் அவரது பணிதல் குறைந்துபோகவில்லை.

1984-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனிதத் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில் நல்ல சமாரியர் உவமையை விரித்துரைக்கிறார். அடுத்தவர் துன்பத்தைக் கண்டு அசையும் இதயத்தை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே அவர் தரும் அறிவுரை. அசையும் இதயம் நோகவும் செய்யும். நோவதே கூடாது என்று கட்டளையிட்டால், சில ஆண்டுகளில் அவ்விதயம் அசைவதையும் நிறுத்திவிடும். கடுகடுத்த செவிலியர் என்று நாம் குறை கூறுவோருள் பலர், ஒரு காலத்தில் அழ அனுமதிக்கப்படாத மாணவியராக இருந்திருக்கக் கூடும்.

யோபின் நண்பர்கள் செய்த தவறு

இப்போது நம் கேள்வியின் நடுவுக்கு வருவோம். ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரவுப் பணியில் இருக்கிறாள். 40 கட்டில்கள் உள்ள வார்டு. மூத்த செவிலியர் ஒருவரே. அவரும் அவசரமாக வேறு வார்டுக்கு அழைக்கப்பட்டுவிட்டார். இதய நோயால் உடல் முழுதும் வீங்கிய முதியவர் ஒருவர் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீரைக் குறைத்தே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர் எழுதிய ஆணை. அன்றைய அளவு முடிந்துவிட்டது. “கொஞ்சம் சும்மா இருங்க தாத்தா” என்று அவள் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டு, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோன வேறொருவரிடம் ஓடுகிறாள். திரும்பி வரும்போது முதியவர் இறந்திருக்கிறார்.

அந்த மாணவி அடுத்த ஞாயிறன்று ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றால் என்ன சொல்வாள்? தாகம் என்றவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்பாள். இறுதித் தீர்ப்பு உவமையில் ஆண்டவர் தாகத்தைப் பற்றிச் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கும். அவள் உறங்க மாட்டாள். உணவு இறங்காது. படிப்பை விட்டுவிடலாமா என்று எண்ணுவாள். எங்கேனும் நீர்க்குவளையைப் பார்த்தாலும் அந்த முகம் வரும்.

அவள் நான்கு நாள் எழுதுகிறாள் என்று கொள்வோம். முதல் நாள் எழுத்தில் எல்லாம் ஒரே பிண்டமாக இருக்கும்: நான் அவரைக் கொன்றுவிட்டேன். இரண்டாம் நாள், மருத்துவரின் ஆணை நினைவுக்கு வரும். தண்ணீர் தராமல் இருந்தது கடமை என்பது தாளில் தெரியும். மூன்றாம் நாள், “சும்மா இருங்க” என்று சொன்ன குரல் அவள் காதில் விழும். அது உண்மையாகவே தன் தவறு என்பதை ஏற்பாள். ஈரத்துணியால் உதட்டை நனைத்திருக்கலாமே என்ற எண்ணமும் வரும். நான்காம் நாள் வேறொன்று எழுத்தில் ஏறும்: அந்த இரவில் 40 பேருக்கு நான் ஒருத்தியாக ஏன் நிற்க நேர்ந்தது?

ஒரே பிண்டமாக இருந்த துயரம் இப்போது மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஒன்று, காயம். தன் கண்முன் ஒருவர் இறந்தார் என்பதால் வந்த துயரம். இதில் பாவம் எதுவும் இல்லை. மற்றொன்று, குற்றம். இறக்கும் மனிதரிடம் பேசிய கடுஞ்சொல். இது சிறியதாயினும் அவளுடையதே. மூன்றாவது, அநீதி. பயிற்சி பெற வந்தவளைப் பொறுப்பாளர் இன்றித் தனியே நிறுத்திய ஏற்பாடு. இது அவளுக்கு இழைக்கப்பட்டது, அந்த முதியவருக்கும் இழைக்கப்பட்டது.

காயத்தைக் குற்றமாக எண்ணுவது பழைய தவறு. யோபின் நண்பர்கள் செய்தது அதுவே. ஏழு நாள் அவரோடு மௌனமாகத் தரையில் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்தபோதோ, இவ்வளவு துன்பம் வந்திருக்கிறதென்றால் நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்று வாதிடத் தொடங்கினர். யோபு அதை ஏற்கவில்லை. தம் வழக்கைக் கடவுளிடமே கொண்டு சென்றார். தம் சொற்கள் ஏட்டில் எழுதப்படலாகாதா, பாறையில் பொறிக்கப்படலாகாதா என்று ஏங்கினார். இறுதியில் கடவுள் சினந்தது புலம்பிய யோபின்மீது அன்று, கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மீதே. செவிலியர் மாணவி பல வேளைகளில் தானே யோபாகவும் தானே அந்த நண்பர்களாகவும் இருக்கிறாள். எழுத்து அவ்விருவரையும் பிரித்து வைக்கிறது.

புனித அகுஸ்தீனாரும் இந்தப் பாதையில் நடந்தவரே. 387-ஆம் ஆண்டில் ஒஸ்தியாவில் தம் அன்னை மோனிக்கா இறந்தபோது, விசுவாசமுள்ள தாயின் சாவுக்கு அழுவது தகாது என்று எண்ணிக் கண்ணீரை அடக்கிக்கொண்டார். அடக்கம் முடிந்து தனிமையில் இருந்தபோது கண்ணீர் பெருகிற்று. ஆண்டுகள் சில கழித்து அதைத் தம் நூலில் கடவுளின் திருமுன் எழுதினார். தாய்க்காகச் சிறிது நேரம் அழுததைப் பாவம் என்று கருதுவோர் கருதட்டும், ஆனால் நகைக்க வேண்டாம், தம் பாவங்களுக்காக அழட்டும் என்னும் பொருள்பட அவர் முடிக்கிறார். குற்றங்களை ஒளிக்காமல் எழுதிய அந்நூலில், காயத்துக்கும் ஒரு தனி இடம் கொடுத்தார். இரண்டையும் ஒன்றாக்கிவிடவில்லை.

ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாயில்

பிரித்தறிந்தபின் என்ன செய்வது? மூன்றும் மூன்று வாயில்களுக்குச் செல்ல வேண்டியவை.

குற்றம் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்ல வேண்டும். எத்தனை பக்கம் எழுதினாலும் தாள் பாவத்தை மன்னிக்காது. மன்னிப்பு இன்னொருவரிடமிருந்து வர வேண்டிய கொடை. எழுத்து அங்கே செய்யக்கூடியது, இன்னதே என் குற்றம், இதற்கு மேல் இல்லை என்று தெளிவாகச் சொல்லத் துணை நிற்பதே. எல்லாவற்றுக்கும் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்பவர், உண்மையான தம் சிறிய குற்றத்தைக் காணாமலே போகலாம். நாம் எண்ணிய மாணவி, தான் கொலைகாரி என்று நம்பும்வரை, அடுத்த முதியவரிடம் மென்மையாகப் பேச வேண்டும் என்பதைக் கற்கப் போவதில்லை.

காயம் செபத்திற்கும் தோழமைக்கும் செல்ல வேண்டும். இலொயோலா இஞ்ஞாசியார் 1521-இல் போரில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த மாதங்களில், தம் உள்ளத்தில் எழும் எண்ணங்களில் எவை நிலைத்த மகிழ்ச்சி தருகின்றன, எவை வறட்சியில் கொண்டுபோய் விடுகின்றன என்று கவனிக்கக் கற்றார். அதே படுக்கையில், நூல்களில் படித்தவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும் அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும் எழுதினார். உள்ளத்து அசைவுகளைக் கவனிக்கும் அந்தப் பழக்கமே பிற்காலத்தில் அவர் பிறருக்குக் கற்றுத்தந்த ஆன்மச் சோதனைக்கு வித்தாயிற்று. எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு கோவிலில் கால்மணி நேரம் அமர்வது, செபமே வராத நாள்களில் செபத்திற்கு நல்ல தொடக்கம். துயரம் வாரக்கணக்காக நீடித்து உறக்கத்தையும் உணவையும் பறிக்குமானால், அல்லது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமானால், நோட்டுப் புத்தகத்தோடு நிற்காமல் மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். நோயாளியைத் தக்க மருத்துவரிடம் அனுப்பக் கற்றவருக்கு இது விளங்காததன்று.

அநீதி அதற்குப் பொறுப்பானவர்களிடம் செல்ல வேண்டும். இங்கேதான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. மாணவர்களின் மன அழுத்தத்திற்கு எழுத்துப் பயிற்சி என்ற ஏற்பாடு, ஆள் குறைவையும் ஓய்வின்மையையும் அவமதிப்பையும் மூடும் போர்வையாக மாறக்கூடும். பளு மிகுந்தால் குறைக்காமல், சுமப்பவரின் முதுகுக்குத் தைலம் கொடுப்பதைப் போன்றது அது.

1960-ஆம் ஆண்டில் இசபெல் மென்சீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பணியைப் பற்றி எழுதிய ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. அங்குப் பயிற்சிக்குச் சேர்ந்த மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்கவில்லை. அவருள் பெரும்பாலோர் தாமே விலகியவர்கள். நோயும் சாவும் தரும் அச்சத்திலிருந்து தப்ப, அந்நிறுவனமே சில பழக்கங்களை வளர்த்திருந்தது என்று அவர் கண்டார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எந்த நோயாளியோடும் நெருங்கவிடாமல் செய்தல், மனிதரைப் பெயரால் அழைக்காமல் கட்டில் எண்ணாலும் நோயின் பெயராலும் குறித்தல், உணர்ச்சி காட்டுவதைத் தகுதிக் குறைவாகக் கருதுதல் ஆகியவை அப்பழக்கங்கள். அச்சத்தைத் தணிக்க வந்த அந்த ஏற்பாடுகளே புதிய துன்பத்துக்குக் காரணமாயின என்பது அவர் முடிவு. மாணவியின் உள்ளத்தை மட்டும் சீர்செய்து வார்டை அப்படியே விட்டுவிட்டால், நாளை மற்றொரு மாணவி அதே கட்டிலருகே அதே துயரத்தோடு நிற்பாள்.

நல்ல சமாரியர் உவமையில் நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒருவர் உண்டு. அவர் சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் காயங்களைக் கட்டி, ஓர் இரவு உடனிருந்து, மறுநாள் புறப்பட்டுவிட்டார். அதன்பின் அந்தக் காயமுற்ற மனிதரை நாள்தோறும் கவனித்தவர் சாவடிப் பொறுப்பாளரே. அவர் எத்தனை இரவு கண்விழித்தார் என்று உவமை சொல்லவில்லை. ஆனால் சமாரியர் அவரிடம் வெறும் வாழ்த்துரை கூறிச் செல்லவில்லை. இரண்டு தெனாரியத்தைக் கையில் கொடுத்தார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது அதையும் தருவதாக வாக்களித்தார். பணி செய்பவருக்கு ஆகும் செலவைக் கணக்கில் கொள்வதும் இரக்கத்தின் பகுதி என்பதே இதன் பொருள். நம் செவிலியர் மாணவியர் எல்லாரும் சாவடிப் பொறுப்பாளரின் இடத்தில் நிற்பவர்கள். அவர்கள் செலவிடும் உறக்கத்துக்கும் மனவலிமைக்கும் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள், அவர்களைப் பணிக்கு அமர்த்துவோர். நம் திருச்சபையின் மருத்துவமனைகளும் செவிலியர் கல்லூரிகளும் இதில் முன்மாதிரியாக நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப் பொதுநிலையினராகிய நமக்கு உரிமையும் கடமையும் உண்டு.

காக்க வேண்டிய வரம்புகள்

எழுதும் பழக்கத்தைக் கல்லூரிகள் ஊக்குவிக்க விரும்பினால், சில வரம்புகளைக் காக்க வேண்டும்.

முதலாவது, எழுதியதை யாரும் வாங்கிப் படிக்கலாகாது. விடுதித் தலைவியோ ஆசிரியையோ திருத்தி மதிப்பெண் இடும் நோட்டில் எந்த மாணவியும் உண்மையை எழுத மாட்டாள். எழுதினால் அது அவளுக்கு எதிரான சான்றாகிவிடக் கூடும். எழுதியபின் கிழித்தெறியவும் அவளுக்கு உரிமை வேண்டும். கல்கத்தாவின் புனித அன்னை தெரேசா, தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய மடல்களில் நீண்ட ஆண்டுகள் தாம் அனுபவித்த உள்ளிருளைப் பற்றி மனந்திறந்திருந்தார். அம்மடல்களை அழித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார். அவை அழிக்கப்படாமல், அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து 2007-இல் நூலாக வெளிவந்தன. அந்நூலால் ஆறுதல் பெற்றோர் பலர். அதற்காக நன்றி கூறுகிறோம். எனினும் எழுதும்போது அவர் உலகை நோக்கி எழுதவில்லை என்பதே அவ்வெழுத்தின் உண்மைக்குக் காரணம். சிரித்த முகத்தோடு மரணப் படுக்கைகளுக்கிடையே நடந்த அவருக்கே, இருளைச் சொல்ல ஒரு தாள் தேவைப்பட்டது என்பதைப் பயிற்சி மாணவியர் அறிந்திருப்பது நல்லது.

இரண்டாவது, நோயாளியின் மறைபொருளைக் காக்க வேண்டும். செவிலியர் உறுதிமொழியிலேயே இக்கடமை அடங்கியுள்ளது. பெயர், ஊர், கட்டில் எண், நோயின் அடையாளம் ஆகியவை தனிநோட்டிலும் இடம்பெற வேண்டியதில்லை. முதியவர் ஒருவர் என்று எழுதினால் போதும். உள்ளம் யாரென்று அறியும். நம் துயரத்தை ஆற்றப் பிறர் வாழ்வைத் திறந்து போடும் உரிமை நமக்கில்லை.

மூன்றாவது, யாரையும் கட்டாயப்படுத்தலாகாது. அடிபட்ட அன்றே எழுதச் சொல்வதும் கூடாது. எழுதும்போது தாங்க முடியாத கலக்கம் எழுந்தால் நிறுத்திவிட்டு வேறொன்றை எழுத வேண்டும் என்று பென்னபேக்கரே அறிவுறுத்துகிறார். சிலருக்குப் பேச்சே வழி; சிலருக்குப் பாட்டு; சிலருக்கு அம்மாவின் மடி.

நான்காவது, தமிழில் எழுதலாம் என்று சொல்லிவிட வேண்டும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பிழை நேருமோ என்ற அச்சத்தோடு எழுதும் மொழியில் நெஞ்சம் திறப்பதில்லை.

நம் பங்கு

விடுமுறைக்கு வீடு வரும் மகளிடம், எத்தனை மதிப்பெண், எந்த நாட்டுக்குப் போகலாம், சம்பளம் எவ்வளவு வரும் என்று நாம் கேட்கிறோம். கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பம் அவ்வாறு கேட்பதைக் குறை கூற இயலாது. ஆனால் அந்தக் கேள்விகளுக்கு நடுவே, முதன்முதலாக ஒருவர் இறந்ததைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது என்ற கேள்விக்கும் இடம் வேண்டும். அவள் பேசத் தொடங்கினால், யோபின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்ததைப்போல் இருந்தால் போதும். அறிவுரை சொல்லவோ, இதற்கெல்லாம் அழலாமா என்று தேற்றவோ அவசரப்பட வேண்டியதில்லை. அவள் ஏதோ எழுதி வைத்திருந்தால் அந்த நோட்டைப் பிரித்துப் பாராதிருப்பதும் அன்பின் செயலே.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருவிழாவன்று, அனைத்துலக நோயுற்றோர் நாளைக் கொண்டாடுகிறோம். நோயுற்றோர்க்கு ஆசி வழங்கி மன்றாடுகிறோம். அந்நாளின் விசுவாசிகள் மன்றாட்டில், செவிலியர் பயிற்சி பெறும் நம் பிள்ளைகளுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்க்கலாம். தம்மால் நேராத சாவுக்குத் தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்ளாமலும், தம்மால் நேர்ந்த சிறு கடுமையை மறைத்துக்கொள்ளாமலும், தமக்கும் தம் நோயாளிகளுக்கும் இழைக்கப்படும் அநீதியைப் பொறுமை என்ற பெயரால் விழுங்காமலும் வாழ அவர்களுக்கு அருள் வேண்டும். அந்த அருள் சிலருக்குத் திருப்பலியில் கிட்டும், சிலருக்குத் தோழியின் அருகில் கிட்டும். இரவுப் பணி முடிந்து விடுதி அறையில் அமர்ந்து எழுதும் ஒரு தாளின் வழியாகவும் சிலருக்கு அது வரலாம்.